டயர் மாறியது, மைலேஜ் ஏறியது!

தேய்ந்துபோன 165/80 ஆர்14 (அகலம் 165 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதில் 80 சதவீதம், ரிம் 14 அங்குலம்) டயர்களை மாற்றும்போது, கடைக்காரர் சொன்ன 185/65 ஆர்14 போட்டேன். அடுத்த டேங்கிலேயே மைலேஜ் ஏறிவிட்டது. அகலமான டயருக்கு அது குறையத்தானே வேண்டும்? கணக்குப் போட்டேன். பழைய டயரின் விட்டம் 620 மி.மீ., புதியது 596. சக்கரம் சிறுத்ததால் அதே தூரத்துக்குக் கூடுதலாகச் சுற்றுகிறது. தூரம் காட்டும் மீட்டர் எண்ணுவது சுற்றுகளைத்தான், அதனால் ஓடியதைவிடக் கூடுதலாகக் காட்டுகிறது. நான்குவழிச் சாலையில் கிலோமீட்டர் கற்களோடு ஒப்பிட்டேன். மீட்டரில் 50 ஓடினால் கல்லில் 48.

இப்போது ஓடிய தூரத்தை 0.96-ஆல் பெருக்கித்தான் எழுதுகிறேன். 25 லிட்டருக்கு மீட்டர் 500 காட்டினால் உண்மையில் 480. மைலேஜ் 20 அல்ல, 19.2. வேகமும் கூட்டித்தான் காட்டுகிறது, அதனால் ஆபத்தில்லை. பெரிய டயர் போட்டால்தான் வம்பு: முள் 80-இல் நிற்கும், வண்டி அதைத் தாண்டிப் போகும். அடுத்த முறை 185/70 தான். விட்டம் 615, வித்தியாசம் 1 சதவீதத்துக்குள்.