டபுள் கெப்புக்கு கொயில்ஓவர்: எதைப் போடுவது, சத்தம் வந்தால் எங்கே பார்ப்பது

கொயில்ஓவர் (ஷொக்கைச் சுற்றி ஸ்பிரிங் பூட்டிய ஒரே தொகுதி) வாங்கப் போகிறவர் கடையில் முதலில் கேட்பது “எத்தனை இஞ்சி தூக்கும்?” என்று. அதைக் கடைசியில் கேட்கலாம். வண்டியின் மூக்கில் எத்தனை கிலோ ஏறியிருக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஸ்பிரிங்கை எடை தீர்மானிக்கிறது, ஷொக்கைப் பாதை தீர்மானிக்கிறது. உயரம் இந்த இரண்டுக்கும் பிறகு வருவது.

உங்கள் வண்டிக்கு இது பொருந்துமா என்று முதலில் பாருங்கள். முன் சில்லுக்குப் பின்னால் குனிந்து டோர்ச் அடியுங்கள். ஷொக்கைச் சுற்றி ஸ்பிரிங் இருந்தால் பொருந்தும். வீகோ முதலான ஹைலக்ஸ், 2005க்குப் பிந்தைய எல்200, இரண்டாம் தலைமுறை டீமெக்ஸ் எல்லாம் இந்த வகை. சில்லைத் தாங்கும் கீழ்க் கையான லோவர் ஆமிலிருந்து சேசியோடு ஒட்டிப் பின்னோக்கி ஒரு நீண்ட இரும்புத் தண்டு ஓடினால் அது டோர்ஷன் பார், முறுகியே ஸ்பிரிங்கின் வேலையைச் செய்யும் தண்டு. அந்த வண்டிக்கு நல்ல ஷொக் போதும், கொயில்ஓவர் கதையை விட்டுவிடலாம்.

இன்னொன்று. இந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்குப் பின்பக்கம் பட்டை ஸ்பிரிங்தான். கொழுந்து மூட்டையோ லீக்ஸ், கரட் மூட்டையோ ஏற்றும்போது பின்பக்கம் குந்துகிறது என்றால், முன்னுக்கு எவ்வளவு விலையான கொயில்ஓவர் போட்டாலும் அது மாறாது. பின்னுக்கு ஒரு பட்டை கூட்டுங்கள், அல்லது பட்டைக்கட்டையே மாற்றுங்கள்.

ஸ்பிரிங்

மாற்று ஸ்பிரிங்குகளைப் பெரும்பாலும் முன்பக்கக் கூடுதல் எடையை வைத்துத்தான் பிரித்து விற்கிறார்கள். வெறும் வண்டிக்கு ஒன்று, இரும்பு புல் பாருக்கு ஒன்று, புல் பாரும் வின்ச்சும் சேர்ந்தால் ஒன்று. இரும்பு புல் பார் 40 முதல் 70 கிலோ வரை வரும், கேபிளோடு வின்ச் இன்னொரு 30 முதல் 40. ஸ்பிரிங்கின் கடினத்தை, அதாவது அது குறித்த தூரம் அமுங்கத் தேவையான எடையை, சிலர் கிலோ கணக்கில் சொல்வார்கள், சிலர் இறாத்தல் கணக்கில் அடித்திருப்பார்கள். மில்லிமீற்றருக்கு ஒரு கிலோ என்றால் இஞ்சிக்கு ஏறத்தாழ 56 இறாத்தல். ஆக ஸ்பிரிங்கில் 600 என்று இருந்தால் 10.7 கிலோ.

“கல்லு ரோட்டுக்குக் கடினமானதுதான் தாங்கும்” என்று சொல்லி, வெறும் மூக்கு வண்டிக்கு வின்ச் ஸ்பிரிங்கைக் கட்டிவிடுவது வழக்கமாக நடக்கிற பிழை. தோட்டத்துக் கல் பதித்த பாதையில் அந்த முன் சில்லு தரையைப் பிடிக்காது, துள்ளும். ஏற்றத்தில் எடை பின்னுக்குப் போய்விடுவதால் மூக்கு இன்னும் இலேசாகும். கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங் திருப்பியும் வண்டி நேரே வழுக்கிக்கொண்டு போகும். ஈரக் கல்லில் இது விளையாட்டல்ல.

ஷொக்

இரட்டைக் குழாய், ஒற்றைக் குழாய் என்று இரண்டு வகை. ஒற்றைக் குழாயில் வெப்பம் வேகமாக வெளியேறும். மேற்பிரிவிலிருந்து பிரதான வீதிவரை கல்லுக்கு மேல் அரை மணி நேரம் இறங்கும் வண்டிக்கு அது நல்லது. ஆனால் ஒரு கூரிய கல் பட்டுக் குழாய் நசுங்கினால் உள்ளே பிஸ்டன் சிக்கிவிடும், அதோடு அது முடிந்தது. இரட்டைக் குழாய் நசுங்கினாலும் பெரும்பாலும் ஓடும். நாள் முழுக்கத் தோட்டத்துக்குள்ளே ஊர்ந்து திரியும் வண்டிக்கு இரட்டைக் குழாயே போதும் என்பது எங்கள் கருத்து. ஹட்டன், நுவரெலியா, பதுளை என்று தார் வீதியிலும் வேகமாக ஓடுவதென்றால் ஒற்றைக் குழாய்.

உயரத்தை மாற்றும் விதத்திலும் வித்தியாசம் உண்டு. பில்ஸ்டைன் 5100 போன்றவற்றில் உடலில் வெட்டிய காடிகளில் வளையத்தை மாற்றிப் போடுவார்கள். மற்றவற்றில் உடலில் புரியும், அதில் திருகி ஸ்பிரிங்கை ஏற்றி இறக்கும் கொலர் என்ற வளையமும் இருக்கும். புரி வைத்தது அழகுதான், ஆனால் நமது மழைக்கும் சேற்றுக்கும் அது தினமும் ஊட்ட வேண்டிய பிள்ளை. உரம் ஏற்றும் வண்டியானால் இன்னும் மோசம். யூரியா, அமோனியம் சல்பேட் தூள் ஈரத்தோடு புரிக்குள் இறங்கினால், உடலும் கொலரும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும். உயரத்தை ஒரு முறை வைத்துவிட்டு மறந்துவிடப் போகிறீர்கள் என்றால் காடி வகையை எடுங்கள்.

பிரித்துச் சரிசெய்யக்கூடியது என்று விற்றால், சீல் கிட் நாட்டுக்குள் கிடைக்கிறதா, நைதரசன் அடிக்க யாரிடம் வசதி இருக்கிறது என்று பணம் கொடுக்குமுன் கேளுங்கள். பாவித்தது வாங்கப் பஞ்சிகாவத்தைப் பக்கம் போனால், தண்டை முழுக்க இழுத்து நகத்தால் மேலிருந்து கீழே வருடிப் பாருங்கள். நகம் ஓரிடத்தில் தட்டினால் அங்கே குரோம் பொரிந்திருக்கிறது. அந்தப் புள்ளி ஒவ்வொரு முறை உள்ளே போய் வரும்போதும் சீலை அறுக்கும்.

எத்தனை தூக்கலாம்

சில்லின் மேல் கையான அப்பர் ஆமை மாற்றாமல் 40 முதல் 50 மில்லிமீற்றர், அதற்கு மேல் வேண்டாம். அதைத் தாண்டினால் மூன்று தொல்லைகள் சேர்ந்து வரும்: சில்லு இறங்கும்போது அப்பர் ஆம் ஸ்பிரிங்கில் உரசும், ஆமின் நுனியில் உள்ள போல் ஜொயின்ட் சாய்வின் எல்லைக்குப் போகும், முன் சில்லுக்குச் சுழற்சியைக் கடத்தும் சிவி ஜொயின்ட் வளைந்து அதன் ரப்பர் உறையான பூட் கிழியும். காஸ்டரும் (முன் சில்லு திரும்பும் அச்சின் பின்சாய்வு) குறையும்.

கொலரைத் திருப்பும்போது ஒரு கணக்கு. ஷொக் லோவர் ஆமின் நடுப்பகுதியில் பிடித்திருப்பதால், கொலர் 10 மில்லிமீற்றர் ஏறினால் வண்டி கிட்டத்தட்ட அதன் இரட்டிப்பு ஏறும். கொலரை இறுக்கினால் ஸ்பிரிங் கடினமாகும் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரே சீரான ஸ்பிரிங் கடினமாகாது, வண்டிதான் உயரும். உயர உயர சில்லு கீழே இறங்க மிச்சமிருக்கும் தூரம் குறையும். ஷொக் இழுபட்டு முட்டுவதைத்தான் அவர்கள் கடினம் என்று உணர்கிறார்கள்.

பூட்டும்போது

கழற்றுமுன் நான்கு சில்லுக்கும் அளவெடுங்கள். சில்லின் நடுவிலிருந்து நேர் மேலே மட்காட் விளிம்புவரை. மலையகத்தில் சமதரை கிடைப்பதே பெரும்பாடு. பெற்றோல் செட்டின் சீமெந்துத் தரையோ தொழிற்சாலை முற்றமோ தேடிப்போங்கள். லயத்து வாசல் சரிவில் எடுத்த அளவு ஒன்றுக்கும் உதவாது.

ஸ்பிரிங்கை அமுக்காமல் ஷொக்கின் நடு நட்டைத் தொடவே கூடாது. உள்ளே அடங்கியிருக்கும் விசை ஆளைக் கொல்லும். புது ஷொக் ஏறியபின் மேல் நட்டுகளையும் கீழ் போல்ட்டையும் அந்த வண்டியின் வேர்க்‌ஷொப் கையேட்டில் உள்ள அளவுக்கு டோர்க் ரென்ச்சால் இறுக்குங்கள்.

லோவர் ஆம் புஷ் போல்ட்டுகளை மட்டும் வண்டி ஜாக்கில் தொங்கும்போது இறுக்காதீர்கள். அந்த ரப்பர் இறுகிய நிலையிலேயே பிடித்துக்கொள்ளும் வகை. தொங்கும்போது இறுக்கினால், வண்டி தரையில் நிற்கும் நேரமெல்லாம் முறுக்கிக்கொண்டே இருந்து சில மாதத்தில் கிழிந்துவிடும். சில்லைப் போட்டு, இறக்கி, பம்பரை நாலு தடவை அமுக்கிவிட்டு, பிறகு கீழே படுத்து இறுக்குங்கள்.

சில்லு முழுக்க இறங்கிய நிலையில் ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசிவரை திருப்பி, பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் வயரும் இழுபடுகின்றனவா என்று பாருங்கள். பின்பக்கத்தையும் உயர்த்தினீர்களானால், டிஃபரன்ஷலுக்கு மேலே சேசியில் ஒரு சிறு தண்டோடு வால்வு இருக்கிறதா என்று தேடுங்கள். பல பழைய மாடல்களில் உண்டு. பின்பக்கம் எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்று பார்த்துப் பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைப்பது அதுதான். வண்டியை உயர்த்திவிட்டுத் தண்டை அப்படியே விட்டால், பெட்டியில் பாரம் இல்லை என்று நினைத்து அது பின் பிரேக்கைக் குறைத்துவிடும். ரம்பொடை இறக்கத்தில் பாரத்தோடு அதைக் கண்டுபிடிக்க வேண்டாம்.

எலைன்மென்ட் அன்றே, 1000 கிலோமீற்றருக்குப் பிறகு இன்னொரு முறை. 500இல் எல்லா நட்டையும் மீண்டும் பாருங்கள். மூக்கு உயர்ந்தால் வெளிச்சமும் உயரும். பனிமூட்டத்தில் அது உங்கள் கண்ணுக்கே திரும்பி வரும். ஆகவே ஹெட்லைட்டையும் இறக்குங்கள். மாற்றம் செய்ததைக் காப்புறுதிக்காரருக்கு எழுத்தில் அறிவியுங்கள்.

சத்தமும் சாய்வும்

வேகத்தடையைத் தாண்டி இறங்கும்போது “டக்” என்றால், ஷொக் முழுக்க இழுபட்டு முட்டுகிறது. முன்பு அளந்த அதே இடத்தில், ஜாக் அடித்து டயர் தரையை விட்டு எழும் நேரம் மீண்டும் அளந்து பாருங்கள். நிற்கும்போது இருந்ததைவிட 50 மில்லிமீற்றராவது கூடியிருக்க வேண்டும். இல்லையென்றால் கொலரை இறக்குங்கள்.

சிறு கல்லுக்கெல்லாம் “கட கட” என்றால் ஷொக்கைக் குற்றம் சொல்ல அவசரப்படாதீர்கள். ஒருவர் நின்ற வண்டியின் ஸ்டியரிங்கை இங்கும் அங்கும் கொஞ்சமாக ஆட்டட்டும். நீங்கள் விரலை ஸ்பிரிங்கின் மேல் முனை, போல் ஜொயின்ட், ஸ்டெபிலைசர் லிங்க் என்று ஒவ்வொன்றாக வையுங்கள். காதுக்குத் தெரியாத இடத்தை விரல் சொல்லும். பெரும்பாலும் மேல் நட் தளர்ந்திருக்கும் அல்லது லிங்க் தேய்ந்திருக்கும். ஷொக்கின் கீழ்க் கண்ணில் (போல்ட் போகும் வளையத்தில்) ரப்பருக்குப் பதில் இரும்பு உருண்டை வைத்த வகையானால் சேறு புகுந்து தேய்வது இயல்பு. வாங்கும்போதே கூடுதலாக ஒரு சோடி எடுத்து வைப்பது நல்லது.

பெரிய குழியில் மட்டும் இடித்தால், பம்ப் ஸ்டொப்பின் (சில்லு முழுக்க மேலேறும்போது முட்டும் ரப்பரின்) நுனியில் விரல் தடிப்பத்துக்கு பிளாஸ்டிசீன் ஒட்டி வழக்கமான பாதையில் ஒரு தரம் ஓட்டுங்கள். நசுங்கித் தகடாகியிருந்தால் ஸ்பிரிங் எடைக்குப் போதாது. அப்படியே உருண்டையாக இருந்தால் கோளாறு வேறெங்கோ.

வண்டி ஒரு பக்கம் சாய்ந்தால் உடனே கொலரைத் திருப்பாதீர்கள். பின் அச்சை டிஃபரன்ஷலுக்கு நடுவில் ஜாக் வைத்து டயர் இரண்டும் எழும்வரை தூக்குங்கள். முன் சில்லுகளுக்குக் கட்டை வைத்துவிட்டுத்தான். இப்போது முன்பக்கம் சமமானால் குற்றம் பின் பட்டை ஸ்பிரிங்கில், சாய்வு அப்படியே இருந்தால் முன்பக்கத்தில்.

வளைவு முடிந்தும் ஸ்டியரிங் தானாக நேராகத் திரும்பவில்லை, நேர்ப் பாதையில் அலைகிறது என்றால் காஸ்டர் குறைவு. எலைன்மென்ட் தாளில் அந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள். டோவை (சில்லுகள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவை) மட்டும் சரிசெய்து அனுப்பிவிடும் இடங்கள் உண்டு. கம்பனி அளவுக்குக் கொண்டுவர முடியவில்லையானால் வண்டியை இறக்குங்கள், அல்லது அப்பர் ஆமை மாற்றுங்கள்.

ரிம்மின் உள்பக்கம் கிறீஸ் தெறித்திருந்தால் சிவி பூட் கிழிந்திருக்கிறது. அன்றே மாற்றினால் பூட்டோடு போகும், ஒரு மழைக்காலம் விட்டால் ஜொயின்ட்டோடு போகும்.

இறுகிய கொலரைச் சில்லு தரையில் இருக்கும்போது சுத்தியலால் அடித்துத் திருப்பினால் புரி போய்விடும். தூக்கி, கம்பித் தூரிகையால் புரியைச் சுத்தம் செய்து, துரு இளக்கும் ஒயில் விட்டு ஓர் இரவு வையுங்கள். காலையில் அதற்குரிய சாவியால் முன்னும் பின்னுமாகக் கொஞ்சம் கொஞ்சமாக அசையுங்கள்.

ஷொக்கின் உடலில் ஒயில் தெரிந்தால் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு 100 கிலோமீற்றர் ஓடிப் பாருங்கள். மெல்லிய படலமாகத் தூசி மட்டும் ஒட்டியிருந்தால் அது சீல் வியர்ப்பது, ஓட்டலாம். கோடாக வழிந்து கீழ்க் கண்வரை வந்திருந்தால் சீல் போய்விட்டது. அதிகம் ஓடாத ஷொக்கானால் மற்றப் பக்கத்தை விட்டுவிடலாம். 40,000, 50,000 ஓடியிருந்தால் இரண்டையும் சேர்த்துக் கழற்றுங்கள்.