சந்தா கட்டிய அன்றே ரத்து செய்துவிடுங்கள்

ஒரே ஒரு தொடருக்காக ஓடிடி சந்தா கட்டுகிறீர்களா? பணம் கட்டிய கையோடு தானியங்கிப் புதுப்பித்தலை ரத்து செய்துவிடுங்கள். நெட்ஃபிளிக்ஸ் உட்படப் பெரும்பாலான சேவைகளில், கட்டிய மாதம் முடியும்வரை பார்க்கலாம். மாதக் கடைசியில் ஞாபகம் வைத்து ரத்து செய்வது நடக்கிற காரியமில்லை. ஒரு எச்சரிக்கை: இலவசச் சோதனைக் காலத்தில் ரத்து செய்தால் சில சேவைகள் உடனே கதவை அடைத்துவிடும். பொத்தானை அழுத்துமுன் அங்கே எழுதியிருக்கும் தேதியைப் படியுங்கள்.

செயலியை நீக்கினால் சந்தா நிற்காது. பலர் ஏமாறுவது இங்கேதான். ஆண்ட்ராய்டில் பிளே ஸ்டோரைத் திறந்து, மேலே உங்கள் படத்தைத் தொட்டு, ‘பேமெண்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ்’ பகுதிக்குப் போங்கள். ஐபோனில் செட்டிங்ஸில் உங்கள் பெயரைத் தொட்டால் ‘சப்ஸ்கிரிப்ஷன்ஸ்’ இருக்கும். மறந்துபோன சந்தாக்கள் வரிசையாக நிற்கும். இணையதளத்தில் நேரடியாகக் கட்டியவை மட்டும் அங்கே வராது. அவற்றை வங்கிக் கணக்கு விவரத்தில்தான் தேட வேண்டும்.

செய்தி விஷயத்தில் என் கருத்து வேறு. தொடர் பார்ப்பதை மாதா மாதம் மாற்றிக்கொள்ளலாம், ஆனால் தினமும் வாசிக்கும் ஒரு பத்திரிகைக்காவது தொடர்ந்து பணம் கொடுங்கள். செய்தியாளர்களின் சம்பளம் அதிலிருந்தும் வருகிறது. மற்றதற்கு வழி இருக்கிறது: பிரிட்டன் நாளிதழான ‘தி கார்டியன்’ இணையதளத்தை இலவசமாகவே வாசிக்கலாம். உங்கள் நூலகத்தில் ‘பிரஸ்ரீடர்’ வசதி உண்டா என்றும் கேளுங்கள். இருந்தால், உறுப்பினர் அட்டையை வைத்தே பல நாட்டுப் பத்திரிகைகளைச் செலவில்லாமல் வாசிக்கலாம்.