இற்றுப்போன படகுப் பலகையை மாற்றும் முறை

வாலாஜாபேட்டையில் கதவு, ஜன்னல், நிலை செய்வதுதான் என் தொழில். வெயில் ஏறி, காவேரிப்பாக்கம் ஏரியில் தண்ணீர் இறங்கிவிட்டால் மீன் பிடிக்கிறவர்கள் சின்ன மரப் படகுகளைக் கரையேற்றிவிட்டு என்னைக் கூப்பிடுவார்கள். பத்துப் பன்னிரண்டு அடி நீளம், முக்கால் அங்குலப் பலகை, உள்ளே குறுக்காக, விலா எலும்பு போல வங்குக் கட்டைகள். அந்த மாதிரிப் படகுக்கான முறை இது.

ஏரித் தண்ணீரால்தான் படகு இற்றுப்போகிறது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ஆனால் மரத்தை இற்றுப்போக வைப்பது பூஞ்சை. எப்போதும் தண்ணீருக்குள் மூழ்கியே கிடக்கும் மரத்தை அது அண்டாது. பூஞ்சைக்குக் காற்றும் வேண்டும். பழைய கிணறுகளின் அடியில் போட்ட நெல்லிக்கட்டை தலைமுறை தாண்டி நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். படகைத் தின்பது உள்ளே தேங்கும் மழைத் தண்ணீர். மரத்தின் ஈரம் இருபது சதவீதத்தைத் தாண்டிப் பல நாள் அப்படியே இருந்தால் பூஞ்சை பிடித்துக்கொள்ளும். கடல் படகுக்கு உப்பு கொஞ்சம் காவல். நம் ஏரிப் படகுக்கு அதுவும் இல்லை.

அதனால் தண்ணீர் எங்கே தேங்கும் என்று பார்த்துத் தேடுங்கள். வங்குக் கட்டையின் அடி, பின்பலகையின் கீழ் மூலைகள், உட்காரும் பலகைக்கு அடியில், இரும்பு ஆணி துருப்பிடித்த இடம். உளிப் பிடியால் தட்டினால் நல்ல மரம் ‘டங்’ என்னும், கெட்டது ‘பொத்’ என்னும். சந்தேகம் இருந்தால் குத்தூசியால் குத்துங்கள். பெயின்ட் பளபளப்பை நம்பவே கூடாது. “இன்னாணா, நல்லாத்தானே கீது?” என்று கேட்டவரின் படகிலேயே ஊசி பிடி வரைக்கும் இறங்கியிருக்கிறது.

வெட்டும்போது கை கூசக் கூடாது. கண்ணுக்குத் தெரியும் கெடுதலோடு நிறுத்தாமல், நார் ஓடும் திசையில் இரண்டு பக்கமும் இன்னும் ஒரு சாண் தள்ளி வெட்டுங்கள். பூஞ்சை நார் வழியாகத்தான் ஊர்ந்து போகும். மேலே பட்டி பூசி மூடிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். அது அடுத்த மழை வரைக்கும்தான்.

அப்புறம் காய விடுங்கள். இந்த ஒரு விஷயத்தில் வேலூர்ச் சீமை வெயிலுக்கு ஈடே இல்லை. அக்னி நட்சத்திரத்தில் படகைக் கல்மேல் தூக்கி வைத்தால் மரம் நன்றாக வற்றும். ஆனால் நேர் வெயிலில் போட்டால் பலகை வெடிக்கும். மேலே தென்னங்கீற்று போட்டு, அடியில் காற்றுப் போக விடுங்கள். ஈர மரத்தின்மேல் பூச்சு அடித்தால் ஈரத்தை உள்ளே பூட்டி வைத்தது போலாகும்.

காய்ந்த பிறகு வெட்டிய இடத்தைச் சுற்றி வெங்காரமும் போரிக் பவுடரும் வெந்நீரில் கரைத்து இரண்டு முறை தடவுங்கள். வெங்காரம் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். போரிக் பவுடர் என்பது கேரம் பலகையில் தூவுகிறோமே, அதுதான். மறுபடி காய்ந்ததும், மேலே உப்புப் போலப் பூத்திருப்பதைத் துடைத்துவிடுங்கள்.

புதுப் பலகைக்குப் பழைய மர மண்டிக்குப் போங்கள். இடித்த வீட்டுத் தேக்கு நிலை கிடைத்தால் விடாதீர்கள், அது பல வருடம் காய்ந்த மரம். வைரம் பாய்ந்த பகுதியை மட்டும் எடுங்கள், ஓரத்து வெள்ளை மரம் சீக்கிரம் போய்விடும். ரம்பம் வைப்பதற்கு முன் காந்தத்தை ஓட்டிப் பாருங்கள், உள்ளே உடைந்த ஆணி இருக்கலாம்.

இணைப்புதான் கைவேலை. பலகையின் முனைகளை நேராக முட்ட வைக்காதீர்கள். தடிமனுக்கு எட்டு மடங்கு நீளத்தில் சரிவாகச் சீவி ஒன்றின்மேல் ஒன்று படிய வையுங்கள். முக்கால் அங்குலப் பலகைக்கு ஆறு அங்குலச் சரிவு வரும். முதலில் அட்டையில் அளவு வெட்டிப் பொருத்திப் பாருங்கள். இழைப்புளியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவி, வெளிச்சம் தெரியாத அளவுக்குப் படிந்த பிறகுதான் பசை.

பசைக்கு எபாக்சி, அதாவது ரெசின், ஹார்டனர் என்ற இரண்டையும் கலந்தால் இறுகும் பசை. பாலியெஸ்டர் ரெசின் விலை குறைவு, ஆனால் மரத்தில் அவ்வளவாகப் பிடிக்காது. தேக்கில் எண்ணெய்ப் பசை இருப்பதால் ஒட்டும் முகத்தை அசிட்டோனால் துடையுங்கள். டப்பாவில் போட்டிருக்கும் விகிதத்தில் ரெசினையும் ஹார்டனரையும் அளந்து கலக்குங்கள், கண் மதிப்பு உதவாது. முதலில் வெறும் எபாக்சியை இரண்டு முகத்திலும் தடவி மரம் குடிக்கட்டும். மீதியில் சலித்த மரத்தூளைக் கலந்து கெட்டியாக்கி அப்புங்கள். கிளாம்பை மிகவும் இறுக்கினால் பசை எல்லாம் வெளியே பிதுங்கிவிடும், சேர்ந்து நின்றால் போதும். ஸ்க்ரூ பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். துளைக்குள்ளும் எபாக்சி விட்ட பிறகு முடுக்குங்கள்.

நம் ஊர் மே மாத வெயிலில் எபாக்சி கப்பிலேயே சூடாகிப் புகைய ஆரம்பிக்கும். கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள், மாலை நான்கு மணிக்கு மேல் வேலையைத் தொடங்குங்கள். இதில் இன்னொரு நன்மையும் உண்டு. காலையில் மரம் சூடேறும்போது உள்ளிருக்கும் காற்று விரிந்து பூச்சில் குமிழி கிளப்பும். மாலையில் மரம் குளிர்வதால் பூச்சை உள்ளே இழுத்துக்கொள்ளும். கையுறை கட்டாயம், ஹார்டனர் தோலில் பட்டுப்பட்டு ஒவ்வாமை வந்தால் பிறகு போகாது.

ஒட்டிய இடத்துக்கு மூன்று பூச்சு. அறுத்த முனைகள் அதிகம் குடிக்கும், அங்கே இன்னும் ஒன்று. முந்தைய பூச்சு இறுகிவிட்டால் மேலே வழவழவென்று படிந்திருப்பதைத் தண்ணீரும் ஸ்க்ரப்பரும் கொண்டு கழுவி, உப்புத்தாள் போட்ட பிறகே அடுத்தது. எபாக்சி வெயிலில் கெட்டுப்போகும், எனவே மேலே பெயின்ட் அவசியம். பலகைகளுக்கு நடுவே உள்ள நீள இடுக்குகளை மட்டும் எபாக்சியால் அடைக்காதீர்கள். தண்ணீரில் பலகை உப்பும்போது அதற்கு இடம் வேண்டும். அங்கே பஞ்சுத் திரியைத் திணித்து, மேலே இளகிய பட்டி போதும்.

கடைசியாக, ஒவ்வொரு வங்குக் கட்டையின் அடியிலும் விரல் போகும் அளவுக்கு ஓட்டை இருக்கிறதா, அழுக்கு அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீர் தேங்காமல் ஒரே மூலைக்கு ஓடி வந்தால்தான் இறைக்க முடியும். ஐப்பசி மழையில் படகு சும்மா இருந்தால் கவிழ்த்துக் கல்மேல் வையுங்கள். ஏரியில் இறக்கியதும் முதல் இரண்டு நாள் இடுக்குகளில் கசியும், பலகை உப்பியதும் நிற்கும். அதற்குப் பிறகும் கசிந்தால் இணைப்பில் தேடுங்கள்.