கட்டிப் போடப்பட்டவரிடம் பேசப் போகுமுன்

மனநல வார்டில் நோயாளிகளைக் கட்டிப் போடுவது பற்றி ஆய்வு செய்யக் கிளம்பும் என் மாணவர்களிடம் முதலில் சொல்வது: கேள்வித்தாள் பையிலேயே இருக்கட்டும்.

கோபிப் பக்கம் ஓர் அம்மாவிடம் நானே சொதப்பியிருக்கிறேன். "உங்களை எதுக்குக் கட்டினாங்க?" என்று எடுத்த எடுப்பில் கேட்டேன். "ஏனுங்க, நான் என்னமோ தப்புப் பண்ணுன மாதிரியே கேக்கறீங்களே" என்றார். முந்தானையை மணிக்கட்டில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார். காபியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

இப்போதெல்லாம் "அன்னைக்குக் காலையில இருந்து என்ன நடந்துச்சுங்க?" என்றுதான் தொடங்குவேன். துணியா கயிறா, எவ்வளவு நேரம், தண்ணீர் யார் கொடுத்தது, ஒன்றுக்கு வந்தபோது என்ன செய்தார்கள்? எல்லாரும் தவிர்ப்பது கடைசிக் கேள்வியைத்தான். உண்மை அங்கேதான் கிடக்கிறது.

அப்புறம் வார்டில் நோயாளியைப் பற்றி எழுதி வைக்கும் குறிப்பேடு. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 97ஆம் பிரிவைக் கையில் வைத்துக்கொண்டு படியுங்கள். உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோதுதான் கட்டலாம். தண்டனையாகவோ, ஆள் பற்றாக்குறைக்காகவோ கூடாது. முறை, காரணம், நேரம் எழுதப்பட வேண்டும். நோயாளியின் சார்பில் பேசும் நியமனப் பிரதிநிதிக்கு 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். சங்கிலிக்கு 95ஆம் பிரிவிலேயே தடை.

நோயாளி சொன்ன நேரம், குறிப்பேட்டு நேரம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். பொருந்தாவிட்டாலும் பரவாயில்லை, திருத்த வேண்டாம்.

நர்சுகளிடம் நைட் டூட்டி முடிந்த கையோடு போகாதீர்கள், பாவம்.