மிலிட்டரி லாரிக்கு ரப்பர் தேடும்போது பணத்தைத் தின்னும் தவறுகள்

மிலிட்டரி டிஸ்போசலில், அதாவது ராணுவம் கழித்து விற்கிற வண்டிகளில், ஒரு நிசான் ஒன் டன்னோ சக்திமானோ எடுத்தவர்கள் முதல் ஆறு மாதம் எஞ்சினைப் பற்றியே பேசுவார்கள். அப்புறம் ஒரு மழை வரும். முன்கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டையான பீடிங் வழியாகத் தண்ணீர் டேஷ்போர்டில் இறங்கும். கியர்பாக்ஸ் அடியில் எண்ணெய் சொட்டும். அப்போதுதான் தெரியும், இரும்பெல்லாம் கெட்டியாகத்தான் இருக்கிறது, ரப்பர்தான் செத்துப்போயிருக்கிறது என்று.

இந்த வண்டிகள் ஜபல்பூரில் செய்தவை. சக்திமானுக்கு ஜெர்மனியின் மான் உரிமம், ஒன் டன்னுக்கும் ஜோங்கா ஜீப்புக்கும் ஜப்பானின் நிசான் உரிமம். உற்பத்தி நின்று பல வருஷம் ஆயிற்று. அசோக் லேலண்டின் ஸ்டாலியன் லாரி எடுத்தவர்களுக்குக் கவலை குறைவு. லேலண்ட் கடையிலேயே நிறைய ரப்பர் பொருந்திவிடும். மற்றவர்கள் தேடித்தான் ஆக வேண்டும். தேடுகிற புதியவர்களைப் பார்த்தால், தொடக்கத்தில் நாங்கள் பண்ணியதையே வரி மாறாமல் பண்ணுகிறார்கள். பழைய பாகத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு வெறுங்கையோடு கடைக்குப் போவது மாதிரி விஷயங்களை எழுதப் போவதில்லை. அதெல்லாம் ஒரு தடவை பட்டால் தானே புரியும்.

வண்டிப் பெயரைச் சொல்லிக் கேட்பது

"சக்திமானுக்கு ஆயில் சீல் இருக்கா?" என்று சென்னை ஜி.பி. ரோட்டில் கடை கடையாகக் கேட்டால் பாதிப் பேர் இல்லை என்பார்கள். மீதிப் பேர் அரிய சரக்கு என்று விலை சொல்வார்கள். டெல்லி மாயாபுரியிலிருந்து வரவழைத்துத் தருகிறேன் என்பார் ஒருவர். எதுவும் வேண்டாம். ஆயில் சீல் என்பது சுழலும் ஷாஃப்ட்டைச் சுற்றி எண்ணெய் கசியாமல் தடுக்கிற வளையம். அதற்கு வண்டி தெரியாது, அளவுதான் தெரியும். உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் என்று மூன்று எண் அதன் முகத்திலேயே இருக்கும். அழிந்திருந்தால் ஷாஃப்ட்டையும் சீல் உட்காரும் குழியையும் வெர்னியரில் அளங்கள். பழைய சீலை அளக்காதீர்கள், அது தேய்ந்தும் விரிந்தும் இருக்கும். அந்த மூன்று எண்ணோடு எந்த பேரிங் கடைக்குப் போனாலும் பெரும்பாலும் கிடைத்துவிடும். ஷாஃப்ட்டில் சீல் உதடு அறுத்த கோடு விழுந்திருந்தால், குழியில் இடம் இருக்கிறதா பார்த்து, புது சீலை இரண்டு மில்லி தள்ளி உட்கார வையுங்கள். உதடு புது இடத்தில் படியும்.

எஞ்சின் உட்காருகிற ரப்பர் தாங்கியான மவுண்டிங்கும் இப்படித்தான். புதிதாகத் தேடி அலைவதைவிட, பழைய மவுண்டிங்கின் இரும்புத் தகடுகளைக் கொடுத்தால் அதிலேயே புது ரப்பர் ஏற்றித் தருகிற பட்டறைகள் கோவையிலும் அம்பத்தூரிலும் இருக்கின்றன. தகட்டை மட்டும் தொலைத்துவிடாதீர்கள். ரப்பர் எவ்வளவு கடினமாக இருக்க வேண்டும் என்று கேட்பார்கள். மவுண்டிங்குக்கு ஷோர் ஏ அளவில் 50 முதல் 65-க்குள் சொல்லுங்கள். "நல்லா ஹார்டா போடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தால், ஐடிலில் ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்கும் கை மரத்துப் போகும்.

சீல் பிரிக்காத பாக்கெட்டை நம்புவது

மெழுகுக் காகிதம், மேலே ஸ்டென்சில் எழுத்து, உள்ளே புத்தம் புதிதாக ஒரு பிரேக் ஹோஸ். பார்த்தாலே கை போகும். பாக்கெட்டில் இருப்பது பெரும்பாலும் பேக் செய்த தேதி. ரப்பரின் வயது அச்சில் வார்த்து முடித்த நாளிலிருந்து ஓடுகிறது, பீரோவில் இருந்தாலும் ஓடும். சில பாகங்களில் வார்ப்பிலேயே ஒரு சின்ன வட்டமும் அதற்குள் மாதம், வருடப் புள்ளிகளும் இருக்கும், அதைப் பாருங்கள். எல்லா ரப்பரும் ஒரே வேகத்தில் கெடுவதில்லை. விமானத் துறையில் நைட்ரைல், நியோப்ரீன் சீல்களை ஒழுங்காக மூடி வைத்திருந்தால் 15 ஆண்டு வரை ஏற்கிறார்கள். ஈபிடிஎம், சிலிக்கான் வகைகளுக்குக் கெடுவே வைப்பதில்லை. ஆனால் 1980-களின் பாக்கெட்டில் இருப்பது எந்த ரப்பர் என்று யார் சொல்வார்கள்? ஹோஸை மெதுவாக வளைத்து, வளைவின் முதுகை லென்ஸில் பாருங்கள். மயிரிழை வெடிப்பு ஒன்று தெரிந்தாலும் அது அலமாரிக்குத்தான்.

அளவு சரி, ரப்பர் தப்பு

இந்த ஒன்றுதான் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் தருவது. ஏனென்றால் இதைச் செய்கிறவர்கள் சோம்பேறிகள் இல்லை. ஒழுங்காக அளந்து, சிரமப்பட்டு, பணம் கொடுத்துச் செய்கிறார்கள்.

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தம்பி தோட்ட வேலைக்கு ஒன் டன் எடுத்தார். சக்கரத்துப் பிரேக்கில் உள்ள வீல் சிலிண்டருக்குள் ஆயிலை அடைத்து நிற்கிற ரப்பர் கப் கிடைக்கவில்லை. பழைய கப்பை மாதிரிக்குக் கொடுத்து ஒரு பட்டறையில் வார்த்து வாங்கினார். பட்டறைக்காரர், "ஆயில் படுற இடமா? அப்ப நைட்ரைல் போட்டுருவோம், ஆயிலுக்கு அதுதான் கெட்டி" என்றிருக்கிறார். அளவு கொஞ்சமும் பிசகவில்லை. விலையும் மலிவு. பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டருக்கும் அதே ரப்பரில் போட்டுக்கொண்டார்.

சில வாரம் பிரேக் நன்றாகவே இருந்தது. ஒரு நாள் ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறுகிறார், 40 கொண்டை ஊசி வளைவு உள்ள சாலை. வண்டி இழுக்கவில்லை. எஞ்சின் வீக் என்று நினைத்து கியரைக் குறைத்துக் குறைத்து ஏற்றியிருக்கிறார். வாடை வந்து நிறுத்தி இறங்கினால் நான்கு டிரம்மும் கிட்டே கை கொண்டுபோக முடியாத சூடு. பெடலில் கால் இல்லை, பிரேக் மட்டும் பிடித்தபடி இருக்கிறது. போனில் கூப்பிட்டார். சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டு, ஆற விட்டு, ஆயிலை வெளியே விடுகிற திருகான ப்ளீடரைக் கால் சுற்று திறக்கச் சொன்னேன். ஆயில் சீறிக்கொண்டு வந்தது, சக்கரம் விட்டது. அந்த நிமிஷமே விஷயம் தெரிந்துவிட்டது.

மாஸ்டர் சிலிண்டரில், ஆயில் டப்பாவுக்குப் போகும் வழியில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை இருக்கிறது. பெடலிலிருந்து காலை எடுத்ததும் குழாயில் இருக்கிற அழுத்தம் அதன் வழியாகத்தான் திரும்ப வேண்டும். கப் ஊதினால் அதன் உதடு முன்னால் நீண்டு அந்தத் துளையை மூடிவிடும். அழுத்தம் உள்ளேயே நிற்கும், பிரேக் லைனர் டிரம்மில் உரசும், சூடேறும். சூட்டில் ஆயில் விரியும். அதற்கும் போக வழியில்லை, பிடி இன்னும் இறுகும். ஏற்றத்தில் ஆனதால் வண்டி மெதுவாகப் போனதோடு சரி. இறக்கத்தில் இதே சூடு ஏறி ஆயில் கொதித்திருந்தால், பெடல் நேராகத் தரைக்குப் போயிருக்கும்.

நாம் பிரேக் ஆயில் என்று ஊற்றுகிற டாட் 3, டாட் 4 எல்லாம் கிளைக்கால் வகைத் திரவம், பெட்ரோலிய எண்ணெய் கிடையாது. அதைத் தாங்குவது ஈபிடிஎம், எஸ்பிஆர் ரப்பர்கள். எஞ்சின் ஆயில், டீசல், கிரீஸ் இவற்றைத் தாங்குவது நைட்ரைல். ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் இன்னொன்று இருந்தால் ஊதும், கொழகொழக்கும். தலைகீழாகவும் நடக்கிறது. கப் எல்லாம் சரியான ஈபிடிஎம், ஆனால் ஆயில் குறைந்தபோது யாரோ பவர் ஸ்டீயரிங் ஆயிலை ஒரு வாய் ஊற்றிவிடுவார்கள். அந்த ஒரு வாய் போதும். கப், ஹோஸ் என்று அந்தச் சுற்றில் இருக்கிற ரப்பர் முழுக்கக் கழற்றி எறிந்து, இரும்புக் குழாய்களையும் கழுவ வேண்டும். பொள்ளாச்சித் தம்பிக்குக் கப்பில் மிச்சமானது சில நூறு ரூபாய். லைனர், கிட் (சிலிண்டருக்கான ரப்பர் செட்), ஹோஸ், கூலி என்று போனது பல ஆயிரம்.

தப்பிக்க வழி ரொம்பச் சுலபம், அதனால்தான் கோபமே. வார்த்து வாங்கும்போது ஒரு கப் கூடுதலாக வாங்குங்கள். அதை இரண்டாக வெட்டி, ஒரு துண்டை பிரேக் ஆயில் உள்ள கண்ணாடி பாட்டிலிலும் மற்றதை எஞ்சின் ஆயில் பாட்டிலிலும் போட்டு மூடி, மூன்று நாள் வெயில் படுகிற ஜன்னலில் வையுங்கள். போடும் முன்பும் எடுத்த பின்பும் தடிமனை அளங்கள். பிரேக் கப் என்றால் பிரேக் ஆயிலில் ஏறக்குறைய அப்படியே இருக்க வேண்டும், எஞ்சின் ஆயிலில் ஊதிக் கிடக்க வேண்டும். எஞ்சின் ஆயிலில் சும்மா கிடந்தால் அந்த லாட் முழுவதையும் திருப்பிக் கொடுங்கள்.

இதைவிட நல்ல வழி, கப்பை வார்க்கவே போகாமல் இருப்பது. சிலிண்டரைக் கடைசல் பட்டறையில் கொடுத்து, பித்தளை ஸ்லீவ் இறக்கி, இன்றைய லாரிகளுக்குக் கிட் கிடைக்கிற அளவுக்குக் கொண்டுவந்துவிடலாம். துருவும் பிடிக்காது. சிலிண்டரின் உள்விட்டம் மாறினால் பிடியும் மாறும் என்பதால் பழைய அளவுக்குக் கிட்டத்திலேயே வைத்து, ஒரே ஆக்ஸிலின் இரண்டு பக்கமும் சேர்த்தே செய்யுங்கள். செலவு ஒரு முறைதான். அப்புறம் வாழ்நாள் முழுக்கக் கிட் எந்த ஊரிலும் கிடைக்கும்.

இன்னொன்று. அமெரிக்க ராணுவம் 1980-களில் தன் வண்டிகளை சிலிக்கான் பிரேக் ஆயிலுக்கு மாற்றியது. அங்கே எம்35 லாரி வைத்திருப்பவர்கள் அதைப் புகழ்ந்து எழுதுவதைப் படித்துவிட்டு இங்கே அந்த சிலிக்கான் வகையான டாட் 5 தேடுகிறார்கள். அது கிளைக்காலோடு கலக்காது. பழைய ஆயில் இருக்கிற வண்டியில் மேலே ஊற்றிவிடாதீர்கள்.

டீசலில் கழுவுவது

பிரேக் ரப்பரை டீசலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவாதீர்கள், புது பிரேக் ஆயிலில் கழுவுங்கள்.

பெட்ரோல் ஹோஸை மறந்துவிடுவது

ஜோங்காவும் ஒன் டன்னும் பெட்ரோல் வண்டிகள். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். இந்த வண்டிகளின் ரப்பர் அதை நினைத்துச் செய்ததல்ல. பழைய ஹோஸ் உள்பக்கம் உரிந்து, கரும்பொடி கார்புரேட்டர் ஜெட்டை அடைக்கும். பெட்ரோலை இழுத்துத் தருகிற ஏ.சி. பம்ப்பின் டயாபிரம் (உள்ளே இருக்கிற ரப்பர் சவ்வு) விறைத்துப்போய் ஓரத்தில் கசியும். ஹோஸை வெட்டி உள்ளே விரலால் தேய்த்துப் பாருங்கள், கறுப்பு ஒட்டினால் மாற்றுங்கள். இதில் மட்டும் மலிவு பார்க்க வேண்டாம். விட்டான் (Viton) என்ற ரப்பரில் உள்பூச்சு உள்ள ஹோஸ் மீட்டர் கணக்கில் கிடைக்கிறது, ஒரு வண்டிக்குத் தேவை கொஞ்சம்தான்.

டயர் ரப்பரை எல்லா இடத்திலும் வெட்டிப் போடுவது

பாடி பேடுக்கும் மட்ஃப்ளாப்புக்கும் பழைய டயரோ கன்வேயர் பெல்ட்டோ அருமை. எண்ணெயோ பெட்ரோலோ படுகிற இடத்தில் கூடாது.

ஒரு வண்டிக்கு மட்டும் பீடிங் செய்வது

கதவு பீடிங், கண்ணாடி பீடிங் எல்லாம் அச்சுத்தட்டு வழியாகப் பிதுக்கி எடுக்கிற சரக்கு. பழைய பீடிங்கைக் குறுக்கே பிளேடால் நேராக அறுத்து, அந்த வெட்டு முகத்தை ஸ்கேல் பக்கத்தில் வைத்துப் போட்டோ எடுத்தால் பட்டறைக்கு அதுவே படம். அழுந்தாத இடத்தில் வெட்டுங்கள், கீல் ஓரத்தில் சப்பிப்போயிருக்கும். ஈபிடிஎம் கேளுங்கள், வெயிலுக்கு அதுதான் நிற்கும். செலவு ரப்பரில் இல்லை, அச்சுத்தட்டில் இருக்கிறது. குறைந்தது இவ்வளவு மீட்டர் எடுத்தால்தான் மெஷினை ஓட்டுவோம் என்றும் சொல்வார்கள். அதே வண்டி வைத்திருக்கிற நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு போனால் தலைக்கு வரும் செலவு நன்றாக இறங்கிவிடும். வேலை முடிந்ததும் அச்சுத்தட்டைப் பட்டறையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். காசு கொடுத்தது நீங்கள், ரசீதில் எழுதி வாங்கி வீட்டில் வையுங்கள்.