பழைய இலங்கை ரூபாய் இந்திய ரூபாயில் எவ்வளவு? கணக்கிடும் முறை, படிப்படியாக

இந்தியாவும் இலங்கையும் 1964இல் செய்துகொண்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையின் மலையகத் தோட்டங்களிலிருந்து தமிழகம் வந்து சேர்ந்த குடும்பங்கள் பலவற்றில் சேமலாப நிதிச் (வருங்கால வைப்பு நிதி) சீட்டு, வங்கிப் புத்தகம், கடிதம் என ஏதாவது ஒரு பழைய காகிதம் இன்றும் பத்திரமாக இருக்கும். அதில் எழுதியிருக்கும் சிலோன் ரூபாய் அன்றைய இந்தியப் பணத்தில் எவ்வளவு என்று கேட்டால், இன்றைய நிலவரத்தை மனத்தில் வைத்துக்கொண்டு, மூன்றாலோ நான்காலோ வகுத்துவிடச் சொல்பவர்களே அதிகம். அது முற்றிலும் தவறு. 1967இல் சிலோன் ரூபாய்தான் இந்திய ரூபாயைவிட மதிப்பு மிக்கதாக இருந்தது. உழைத்துச் சேர்த்த பணத்தின் கணக்கு என்பதால், இதைச் சரியாகச் செய்வது முக்கியம் என்று கருதுகிறேன்.

படி 1: திசையை எழுதிக்கொள்ளுங்கள்

கணக்கைத் தொடங்கும் முன் தாளின் மேலே "1 சிலோன் ரூபாய் = எத்தனை இந்திய ரூபாய்" என்று முழு வாக்கியமாக எழுதிவிடுங்கள். இரண்டு நாணயங்களுக்கும் பெயர் ரூபாய்தான் என்பதால், எதை எதனால் வகுப்பது என்ற குழப்பம் இங்கே எளிதில் வரும்.

படி 2: டாலரை நடுவில் வையுங்கள்

இரு நாட்டு ரூபாய்களும் நேரடியாக ஒன்றுக்கொன்று விலை பேசப்படுவது குறைவு. இரண்டுக்கும் டாலருக்கு எதிரான மதிப்புதான் தொடர்ச்சியாகப் பதிவாகியிருக்கிறது. எனவே ஒரே தேதியில் ஒரு டாலருக்கு எத்தனை இந்திய ரூபாய், எத்தனை இலங்கை ரூபாய் என்ற இரண்டு எண்களைத் தேடி எடுங்கள். உலக வங்கியின் தரவுத் தளத்தில் 1960 முதல் ஆண்டுச் சராசரி கிடைக்கும். மாதவாரியான எண்களுக்குப் பன்னாட்டு நாணய நிதியத்தின் புள்ளிவிவரத் தொகுப்பை நாடலாம். அண்மைக் கால நாள்விலைகளை இலங்கை மத்திய வங்கியும் இந்திய ரிசர்வ் வங்கியும் வெளியிட்டிருக்கின்றன. இந்தியாவில் 2018 ஜூலையிலிருந்து இப்பணியைப் பைனான்ஷியல் பெஞ்ச்மார்க்ஸ் இந்தியா என்ற நிறுவனம் செய்துவருகிறது.

படி 3: வகுத்துப் பாருங்கள்

1949 செப்டம்பரில் பவுண்டின் மதிப்பு குறைக்கப்பட்டபோது இரு ரூபாய்களும் அதனுடன் சேர்ந்தே இறங்கின. அதன்பின் இரண்டுமே டாலருக்கு 4.76 என்ற அளவில் நின்றதால், ஒன்றுக்கு ஒன்று என்பதே விகிதமாக இருந்தது. 1966 ஜூன் 6 அன்று இந்தியா மட்டும் தன் ரூபாயை 7.50க்கு இறக்கியது. இலங்கை 4.76இலேயே இருந்துவிட்டு, 1967 நவம்பரில் பிரிட்டன் மீண்டும் பவுண்டின் மதிப்பைக் குறைத்த சில நாட்களில் 5.95க்கு வந்தது.

இப்போது 1967 மார்ச் மாதக் காகிதம் ஒன்றில் 500 சிலோன் ரூபாய் என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 7.50ஐ 4.76ஆல் வகுத்தால் 1.5756, அதை 500ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 788 இந்திய ரூபாய். அதே காகிதம் டிசம்பர் மாதத்தது என்றால் 7.50ஐ 5.95ஆல் வகுக்க வேண்டும். விடை 630 ரூபாய்க்குச் சற்று மேல். ஆண்டு ஒன்றுதான், ஆனால் இடையில் 150 ரூபாய்க்கும் அதிகமான வேறுபாடு வந்துவிடுகிறது.

படி 4: சராசரியா, அன்றைய விலையா என்று பாருங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். இந்தியாவுக்கான 1966ஆம் ஆண்டுச் சராசரி 6.36 என்று அட்டவணையில் இருக்கும். ஐந்து மாதங்களுக்கு 4.76, ஏழு மாதங்களுக்கு 7.50 என்று எடுத்துக் கூட்டி, பன்னிரண்டால் வகுத்தால் அந்த எண் உங்களுக்கே கிடைத்துவிடும். ஆனால் அவ்வாண்டில் எந்த ஒரு நாளிலும் 6.36 என்ற விலை நடைமுறையில் இருந்ததில்லை. முழு ஆண்டின் வணிகத்தை மதிப்பிடச் சராசரி பொருந்தும். தேதி போட்ட ஒரு சீட்டுக்கு அந்தத் தேதியின் விலையே வேண்டும். ஒரு நாட்டுக்கு ஆண்டுச் சராசரியையும் மற்றதற்கு மாத இறுதி விலையையும் எடுத்து வகுப்பதை ஒருபோதும் செய்யாதீர்கள்.

படி 5: ஒன்றுக்கு மேற்பட்ட விகிதம் இருந்ததா என்று தேடுங்கள்

இலங்கையில் 1968 மே மாதம் அந்நியச் செலாவணி உரிமைச் சான்றிதழ் முறை வந்தது. உணவு போன்ற இன்றியமையாத இறக்குமதிகளும், தேயிலை, ரப்பர், தேங்காய் ஏற்றுமதிகளும் 5.95 என்ற அதிகாரபூர்வ விகிதத்தில் நடந்தன. மற்றப் பலவற்றுக்குத் தொடக்கத்தில் 44 விழுக்காடு கூடுதலாகச் செலுத்த வேண்டியிருந்தது. அப்படியானால் ஒரு டாலரின் விலை சுமார் 8.57. முதல் விகிதப்படி சிலோன் ரூபாய் 1.26 இந்திய ரூபாய்க்குச் சமம், இரண்டாவதன்படி 0.88 மட்டுமே. எனவே 1968 முதல் 1977 நவம்பரில் விகிதங்கள் ஒன்றாக்கப்பட்டு டாலர் 16 ரூபாயில் தொடங்கும் வரையுள்ள காலத்துக்கு, அட்டவணையில் காணும் அதிகாரபூர்வ எண்ணை மட்டும் நம்பாமல், பணம் எந்த நோக்கத்துக்காகக் கைமாறியது என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும்.

படி 6: எக்செலில் பதிந்து சோதியுங்கள்

தேதி, டாலருக்கு இந்திய ரூபாய், டாலருக்கு இலங்கை ரூபாய், விடை என நான்கு பத்திகளும், அருகே விலையின் வகையைக் குறிக்க ஐந்தாவது பத்தியும் போதும். சூத்திரம் சரியா என்று பார்க்க 2022ஐப் பயன்படுத்துங்கள். அவ்வாண்டு மார்ச் தொடக்கத்தில் டாலர் இலங்கையில் 200 ரூபாயைச் சற்றே தாண்டியிருந்தது; நாணயத்தைத் தாங்கிப் பிடிப்பதை மத்திய வங்கி கைவிட்டபின், மே நடுப்பகுதியில் அது 360ஐ எட்டியது. இந்தியாவில் அதே காலத்தில் டாலர் 76, 77 என்ற அளவில்தான் இருந்தது. இங்கே ஓர் இந்திய ரூபாய்க்கு எத்தனை இலங்கை ரூபாய் என்று திசையை மாற்றி வகுத்தால், உங்கள் வரைபடத்தில் 2.7க்கு அருகிலிருந்து 4.6க்கு மேல் செங்குத்தாக ஏறும் கோடு தெரிய வேண்டும். அது ஏறாமல் இறங்கினால், வகுக்கும் எண்ணும் வகுபடும் எண்ணும் இடம் மாறியிருக்கின்றன.