கண் சிவந்தால் எல்லாமே மெட்ராஸ் ஐ இல்லை

கண் சிவந்ததும் மெட்ராஸ் ஐ என்று முடிவுகட்டி மெடிக்கல் ஷாப்பில் சொட்டு மருந்து வாங்குவதுதான் முதல் தவறு. மெட்ராஸ் ஐ என்றால் பீளை தள்ளும், உறுத்தும், வீட்டில் இன்னொருவருக்கும் ஒட்டும். பீளை இல்லாமல் ஒரே கண்ணில் வலி, வெளிச்சம் பட்டால் கூச்சம், கருவிழியைச் சுற்றிச் சிவப்பு, பார்வையில் மங்கல் என்றால் யுவியைட்டிஸாக இருக்கலாம். அதாவது, கண்ணுக்குள் அழற்சி. உடம்பின் எதிர்ப்பு சக்தி உடம்பையே தாக்கும் நோய்கள் சிலருக்கு முதலில் இப்படித்தான் தலைகாட்டும்.

போன தடவை எழுதிக்கொடுத்த ஸ்டீராய்டு சொட்டு மருந்தை நாமாகவே மறுபடி போடுவதும் கூடாது. சிவப்பு மளமளவென்று குறைவதால் நம்பிவிடுகிறோம். ஹெர்பிஸ் கிருமியால் கருவிழியில் புண் இருந்தால் அதே மருந்து புண்ணை மோசமாக்கும். மாதக்கணக்கில் போட்டால் கண் அழுத்தம் ஏறலாம், புரை விழலாம். யுவியைட்டிஸ்தான் என்று உறுதியானாலும் சட்டென்று நிறுத்தாமல், டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

என்னைக் கேட்டால், பெரிய தவறு வேறு. கண் டாக்டரிடம் முதுகுவலியைப் பற்றி யார் சொல்கிறார்கள்? அவரும் கூட்டத்தில் கேட்க மறந்துவிடலாம். இளவயதில் தொடங்கிய இடுப்பு வலி, காலையில் எழுந்ததும் விறைப்பு, படுத்தால் கூடி நடமாடினால் குறைவது, இவையெல்லாம் முதுகெலும்பைப் பாதிக்கும் ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸின் அடையாளங்கள். திடீரென்று வரும் முன்கண் யுவியைட்டிஸில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு, இந்த முதுகெலும்பு நோயோடு தொடர்புள்ள எச்எல்ஏ-பி27 என்ற மரபணுக்கூறு இருக்கும். அதற்காக ரிப்போர்ட்டில் ‘பாசிட்டிவ்’ என்று பார்த்ததும் பதற வேண்டாம். அது உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு அந்த நோய் வருவதே இல்லை. அடிக்கடி வரும் வாய்ப்புண், மூட்டு வீக்கம், தோல் தடிப்பு எதையும் விடாமல் சொல்லுங்கள். காசநோயும் இதே மாதிரி கண்ணைத் தாக்கும் என்பதால் அந்தப் பரிசோதனையையும் தட்டிக்கழிக்காதீர்கள்.

குழந்தைகள் விஷயம் தலைகீழ். மூட்டுவாதம் உள்ள குழந்தைக்குக் கண் சிவக்காமல், வலிக்காமலே உள்ளே அழற்சி ஓடிக்கொண்டிருக்கலாம். கண் வெள்ளையாகத்தானே இருக்கிறது என்று பரிசோதனையைத் தள்ளிப்போட்டால் பார்வை போகலாம்.

அப்புறம் கண் வறட்சி. எல்லாப் பழியையும் கம்ப்யூட்டர் மேல் போட்டுவிடுகிறோம். கூடவே வாயும் வறண்டு, தண்ணீர் குடிக்காமல் சோறு இறங்கவில்லை என்றால் எதிர்ப்பு சக்தி கண்ணீர், உமிழ்நீர்ச் சுரப்பிகளைத் தாக்கும் ஷோக்ரன் நோயா என்று பார்க்க வேண்டும். கண்ணீரின் அளவை, இமையோரத்தில் சிறு காகிதத் துண்டை வைத்து 5 நிமிடத்தில் பார்த்துவிடுவார்கள்.